செம்பருத்தி: கன்று வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"அஞ்சு பூ, பத்து இலை. பைசா செலவில்லடி." செம்பருத்தி எண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லி, மதுரையில் இருந்து பெரியம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்துகொண்டிருந்த நேரம். நானும் நம்பி இறங்கிவிட்டேன்.

பைசா செலவில்லாத வைத்தியத்துக்கு எனக்கு ஆன கணக்கு இது. செத்துப்போன ஒட்டுக் கன்றுகள் மூன்று, 1,050 ரூபாய். அவற்றுக்கு வாங்கிய தொட்டியும் மண்ணும் 600. பூஞ்சை பிடித்துக் கொட்டிய செக்கு எண்ணெய் ஒன்றரை லிட்டர், 750. வேறு ஏதோ ஒரு செடியின் "செம்பருத்தி டீ" பாக்கெட் 450. கடைசியில், பொடி விற்க நூறு ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற உணவுப் பதிவுக்கு ஏஜென்ட் வாங்கியது 2,500. மொத்தம் 5,350. விலையெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் விழுகிற குழிகள் ஒன்றேதான். நான் விழுந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எந்தச் செடி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எண்ணெய்க்கும் தலை அலசவும் நம் வீடுகளில் புழங்குவது ஐந்து இதழ் கொண்ட ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி. இலங்கைத் தமிழர்கள் செவ்வரத்தை என்பார்கள். நர்சரியில் போய் "செம்பருத்தி" என்று மட்டும் கேட்டால், தட்டு அகலத்துக்குப் பூக்கிற மஞ்சள், ஆரஞ்சு ஒட்டு ரகங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்க்க அழகு, வெயிலுக்கு வம்பு. என்னுடைய மூன்று கன்றும் சித்திரை தாண்டவில்லை.

"நாட்டுச் செம்பருத்தி, ஒத்த அடுக்கு, சிவப்பு" என்று கேளுங்கள். நாற்பது, ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதைவிட நல்லது, தெருவில் யார் வீட்டிலாவது செழிப்பாக நிற்கிற செடியில் ஒரு கொம்பு கேட்பது. பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், பச்சையும் பழுப்புமாக இருக்கிற கொம்பு. மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். ஆடியில் இருந்து ஐப்பசி வரை ஊன்றியவைதான் எனக்குப் பிழைத்தன. பங்குனியில் ஊன்றிப் பார்த்தேன், ஐந்தில் நான்கு காய்ந்துவிட்டன.

நர்சரியில் வாங்கிய செடி என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். வாங்கி வந்ததும் இருக்கிற பூவையும் இலையையும் வாயிலோ தலையிலோ வைக்க வேண்டாம். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டு, புதிதாகத் துளிர்த்து வருகிறதில் இருந்து எடுங்கள். இரண்டு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். பூக்கடையில் பூஜைக்கு விற்கிற செம்பருத்தியைக் குடிக்கவும் பயன்படுத்த வேண்டாம். அது சாமிக்குப் போகிற பூ, அதன் மேல் என்ன அடித்தார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2. தொட்டி, தண்ணீர், மாவுப்பூச்சி

பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது வெயில் படவேண்டும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாகிவிடும். சத்தில்லை என்று நினைத்து மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டேன். இன்னும் மோசமானது, ஏனென்றால் செம்பருத்திக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் ஆகாது. கடினத் தண்ணீரில் மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போவதுதான் அந்த மஞ்சளுக்குக் காரணம். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றியும், தொழுவுரம் போட்டும் ஒரு மாதத்தில் தேறியது.

அப்புறம் மாவுப்பூச்சி. கொழுந்து சுருண்டு, வெள்ளை மாவு ஒட்டினாற்போல இருக்கும். தொட்டியில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருண்ட கொழுந்தைக் கிள்ளி, செடிக்கடியில் போடாமல் பையில் கட்டித் தூர எறியுங்கள். குழாயால் பீச்சி அடித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். தெளித்தபின் பத்து நாளைக்குப் பூ பறிக்காதீர்கள்.

பூ குறைகிறதா? கவாத்து செய்யுங்கள். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். வெட்ட மனசு வராமல் நான் ஒரு வருடம் வீணடித்தேன்.

3. பறிப்பதும் உலர்த்துவதும்

பூ ஒரு நாள்தான் நிற்கும். காலையில் பனி உலர்ந்தபின், ஒன்பது மணிக்குள் பறித்துவிடுங்கள். அடியில் இருக்கிற பச்சைப் புல்லியையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற மகரந்தத் தண்டையும் எடுத்துவிட்டு இதழ்களை மட்டும் வையுங்கள். காம்புப் பக்கம் எறும்பும் சின்னப் பூச்சியும் ஒளிந்திருக்கும், உதறிப் பாருங்கள்.

வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள். மழைக்காலத்தில் ஃபேனுக்கடியில் வைத்தாலும் பத்து நாள் ஆகும். விரலால் நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு கிலோ பூ காய்ந்தால் நூறு கிராமுக்குச் சற்று மேலேதான் நிற்கும். இரண்டு செடி வைத்திருக்கிறவர்கள் அதற்கே மாதக்கணக்கில் சேர்க்க வேண்டும். "செம்பருத்திப் பொடி, கால் கிலோ, 60 ரூபாய்" என்று யாராவது விற்றால் அதில் எவ்வளவு பூ இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

4. எண்ணெய் காய்ச்சுவது

நான் அதிகம் தோற்றது இங்கேதான்.

முதல் தடவை பூவையும் இலையையும் தண்ணீர் விட்டு அரைத்து எண்ணெயில் போட்டேன். பொங்கிப் பொங்கி வந்தது. பயந்து பதினைந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன். பத்தாம் நாள் பாட்டிலைத் திறந்தால் ஊறின சாக்கு வாடை. அடியில் வெண்மையாகப் படலம். எண்ணெய் கெடவில்லை, அதற்குள் இருந்த தண்ணீர் கெட்டது. செம்பருத்தி எண்ணெயில் எல்லாத் தவறும் கடைசியில் ஈரம் என்ற ஒரே தவறில்தான் போய் முடியும்.

இப்போது நான் செய்வது இப்படி:

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு, காய்ந்த இதழ் நாற்பது கிராம், கழுவி ஒரு ராத்திரி முழுக்க ஆறவைத்த இலை இரண்டு கைப்பிடி. இலையைக் கையால் கிழித்துப் போடுவேன், அரைப்பதில்லை. விருப்பமானால் ஒரு தேக்கரண்டி வெந்தயம். அடி கனத்த இரும்புச் சட்டி, அடுப்பு சிம்மில். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

முதலில் நுரை பொங்கும். சலசல என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அது இலையில் இருக்கிற ஈரம் போகிற சத்தம். முப்பது நிமிடத்துக்கு மேல் சத்தம் மெல்ல அடங்கும், நுரை சின்னதாகும், இலை சருகாகி மொறுமொறுப்பாகும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆனபின் பதம் பார்க்க வேண்டும்.

பதம் பார்க்க எங்கள் பெரியம்மா காட்டிய வழி: ஒரு பஞ்சுத் திரியைச் சட்டியில் முக்கி எடுத்து, அடுப்பில் இருந்து தள்ளி நின்று, தனியாக ஒரு தீக்குச்சியால் கொளுத்த வேண்டும். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. சத்தமில்லாமல் விளக்கு மாதிரி நின்று எரிந்தால் இறக்கிவிடலாம். இதைத் தாண்டி விட்டால் இலை கருகி எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும், இரண்டு நிமிட வித்தியாசம்தான்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். வெயிலில் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் கசண்டு தங்கும். மேல் எண்ணெயை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஈரக்கை, ஈரக்கரண்டி உள்ளே போகாமல் இருந்தால் எங்கள் வீட்டில் ஆறு மாதம் வருகிறது.

எண்ணெய் சிவப்பாக வரவில்லையே என்று கேட்பீர்கள். வராது. செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரைகிற நிறம், எண்ணெயில் இறங்காது. இலையின் பச்சைதான் இறங்கும், அதனால் நல்ல எண்ணெய் பச்சையும் பழுப்புமாக இருக்கும். ரத்தச் சிவப்பில் கடையில் பார்க்கிற எண்ணெயில் ஒன்று வேம்பாளம்பட்டை போட்டிருப்பார்கள், இல்லையென்றால் சாயம். வேம்பாளம்பட்டை காலங்காலமாகப் புழங்குவதுதான், குற்றமில்லை. ஆனால் சிவப்பைப் பார்த்து "பூ நிறைய போட்டிருக்காங்க" என்று நம்பாதீர்கள். நான் நம்பி வாங்கியது தலையணை உறையில் இன்னும் இருக்கிறது.

முதல் தடவை தேய்க்கும் முன், முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விடுங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

5. இலை விழுது: எனக்கு உண்மையில் பிடித்தது இதுதான்

பூவை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், இலையைக் கவனிப்பதில்லை. கொழகொழப்பு இலையில்தான் அதிகம், தலைமுடியை மிருதுவாக்குவது அந்தக் கொழகொழப்புதான். எலிகளின் மேல் நடத்தி 2003இல் வெளியான ஓர் ஆய்விலும் முடி வளர்ச்சிக்குப் பூச்சாற்றைவிட இலைச்சாறு கூடுதலாக வேலை செய்தது. எலியில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இருபது, இருபத்தைந்து இலையைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு கையாலேயே கசக்குங்கள். இரண்டு நிமிடத்தில் முட்டை வெள்ளைக் கரு மாதிரி நூல் விடும். அதை வடிகட்டியே தீர வேண்டும். நான் முதல் தடவை மிக்ஸியில் அரைத்து அப்படியே தேய்த்துவிட்டு, இரண்டு நாளாகத் தலையில் இருந்து இலைத் துணுக்கு பொறுக்கினேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டேவிட்டாள், "அக்கா, செடி நடுவதற்குத் தலையிலேயே மண் போட்டீங்களா?"

வடித்த கொழகொழப்பை ஈரத்தலையில் தேய்த்து பதினைந்து நிமிடம் வைத்து அலசினால், எண்ணெய் வைக்காத தலைக்கு வேறு எதுவும் வேண்டாம். எண்ணெய்த் தலை என்றால் சீயக்காய் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இது மட்டும் எண்ணெயை எடுக்காது. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் நூல் அறுந்து தண்ணீராகிவிடும். சைனஸ் தொந்தரவு இருப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், தலை நன்றாகக் குளிர்ந்துவிடும்.

பொடுகுக்கு இதெல்லாம் மருந்தில்லை. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயில் நன்றாகவே வாழும். பொடுகோடு எண்ணெயைப் பூசிக் குளித்தால் பொடுகு கூடத்தான் செய்யும்.

6. குடிப்பதற்கு

நான் 450 ரூபாய் கொடுத்து வாங்கிய பாக்கெட்டில் இருந்தது நம் வீட்டுச் செம்பருத்தி இல்லை. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்று பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. புளிச்சக்கீரைச் சொந்தம், அதன் சிவப்பான சதைப்பற்றுள்ள புல்லி வட்டத்தைக் காயவைத்து விற்கிறார்கள். நாக்கைச் சுருட்டும் புளிப்பு. ரத்த அழுத்தம் சற்றுக் குறைகிறது என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்தச் செடியில்தான். அதை நம் வாசல் செம்பருத்திக்கு அப்படியே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். பாக்கெட் வாங்குவதானால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

நம் பூவில் செய்வது எளிது. நான்கு பூவின் இதழ், ஒரு டம்ளர் கொதித்த தண்ணீர். அடுப்பை அணைத்தபின் போட்டு மூடி ஐந்து நிமிடம். பூ வெளுத்து, தண்ணீர் மங்கலான ஊதா நிறத்தில் நிற்கும். கெட்டுவிட்டதோ என்று தோன்றும். எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விடுங்கள், கண்ணெதிரே பளீரென்று சிவக்கும். அமிலம் பட்டால் சிவப்பு, காரம் பட்டால் பச்சை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தில் செய்தது ஞாபகம் இருக்கலாம். தேனோ பனங்கற்கண்டோ சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாக அதற்குப் பெரிய ருசி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும். இதழைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சுகிற செம்பருத்தி மணப்பாகு சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

7. யார் தள்ளி நிற்க வேண்டும், டாக்டரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் குடிக்கக் கூடாது. இந்தப் பூவின் சாறு கரு தங்குவதைத் தடுப்பதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். மாதவிலக்கு வரவைக்கவும் இதை ஊர்ப்பக்கம் கொடுத்திருக்கிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்காதீர்கள். பூவும் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷரும் சுகரும் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவைப் பிடிப்பது எல்லாவற்றையும் விட ஆபத்து.

டாக்டரிடம் போகும்போது "ஹெர்பல் ஏதோ குடிக்கிறேன்" என்று சொன்னால் பயனில்லை. மூன்று காகிதம் எடுத்துப்போங்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனை, எந்தப் பூ, எத்தனை, எந்த நாளில் இருந்து என்று எழுதிய ஒரு துண்டு. பாக்கெட்டாக இருந்தால் பாக்கெட்டையே கொண்டுபோங்கள்.

முடி கொட்டுகிறது என்றால் எண்ணெய் காய்ச்சும் முன்பே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக இருக்கிற இரும்பின் அளவு), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். நான் எட்டு மாதம் எண்ணெய் தேய்த்த பிறகுதான் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.2. இரும்பு மாத்திரைதான் எனக்குத் தேவையாக இருந்தது. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே நிற்கும். அது நிற்கிற நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தோமோ அதற்கே நல்ல பேர் போய்ச் சேரும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். மூன்று மாதத்துக்கு முன் எதையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

8. விற்கப் போகிறீர்களா?

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கேட்பார்கள், அப்புறம் வாட்ஸ்அப்பில் பத்துப் பேர். அப்போதுதான் காகித வேலை தொடங்கும். பானத்துக்கான பொடியும் தலை எண்ணெயும் ஒரே செடியில் இருந்து வந்தாலும் சட்டத்துக்கு இரண்டும் இரண்டு உலகம்.

குடிக்கிற பொடி உணவு. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது வருட வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதும் என்று இருந்தது, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய், ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டவும் முடிந்தது. ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் ஃபோட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று ஏற்றினால் போதும். பெரும்பாலும் ஏழு நாளுக்குள் பதில் வரும். நேரில் பார்க்க வருவதாக இருந்தால் ஒரு மாதம் வரை ஆகலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் மாதிரியே வடிவமைத்த தனியார் தளங்கள். முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிகிறதா பாருங்கள். லேபிளில் "டீ" என்றும் போடாதீர்கள், தேயிலைச் செடியில் இருந்து வராததை அப்படிச் சொல்லக் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிவிட்டது.

தலை எண்ணெய் அழகுசாதனப் பொருள். அதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ எண் செல்லாது. 2020ஆம் வருட அழகுசாதன விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். தனி இடம், தகுதியுள்ள பணியாளர், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள், சமையலறையில் நடக்காது. உரிமம் உள்ள வேறொருவரின் ஆலையில் உங்கள் பெயரில் செய்துகொள்கிற கடன் உரிமம் என்று ஒரு வழி உண்டு. சிறிய அளவில் தொடங்குகிறவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.

எதை விற்றாலும் லேபிளில் நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, புகார் எண் இருக்க வேண்டும். "வழுக்கையில் முடி முளைக்கும்", "பிரஷர் குறையும்" என்று ஒரு வரியும் எழுதாதீர்கள். அப்படி உரிமை கோருவதற்கே தடை இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் அது விளம்பரம்தான்.

ஏஜென்டிடம் கொடுத்தே தீருவேன் என்பவர்கள், விண்ணப்பத்தில் போகிற கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னுடையதில் அவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். பதிவு முடியப்போகிறது, புதுப்பியுங்கள் என்ற செய்தி அவருக்குத்தான் போனது. அவர் என்னை அழைத்து இன்னொரு 2,500 கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.